இங்கிலாந்திலிருந்து சால்ட் லேக்குக்கு: மார்மன் குடும்பங்களின் பயணமும் பிழைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து போனவர்களின் நாட்குறிப்புகளையும் நினைவுக் குறிப்புகளையும் படிப்பது என் நெடுநாள் விருப்பம். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, இங்கிலாந்து மார்மன் குடும்பங்கள் என்றதும் நண்பர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானோர் முதலில் கேட்பது பலதார மணத்தைத்தான். ஆனால் கடல், மாட்டு வண்டி, கைவண்டி, வாய்க்கால், வரப்பு எல்லாவற்றையும் தாண்டிய பிறகுதான் அந்தக் கேள்வி சரியாகப் புரியும் என்று நினைக்கிறேன். அதனால் அது கொஞ்சம் தள்ளி வருகிறது.

மார்மன்னா யாரு? கிறிஸ்தவங்கதானா?

1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் தொடங்கிய சபை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப்பெயர். பைபிளோடு மார்மன் புத்தகம் என்ற இன்னொரு நூலையும் வேதமாக ஏற்பதால் வெளியார் அவர்களை மார்மன்கள் என்றார்கள். தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே அவர்கள் சொல்கிறார்கள். மற்ற சபைகளில் பல அதை ஏற்பதில்லை. அந்த வாதத்துக்குள் இங்கே போகவில்லை.

1844-இல் ஸ்மித்தை இலினாய் மாநிலத்தில் ஒரு சிறைக்குள் புகுந்து கும்பல் சுட்டுக் கொன்றது. 1846-இல் நாவூ என்ற தங்கள் ஊரை விட்டு அவர்கள் வெளியேறினார்கள். 1847 ஜூலையில் பிரிகாம் யங் தலைமையில் முதல் கூட்டம் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தது. இன்றைய யூட்டா மாநிலம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

அமெரிக்காவுல ஆரம்பிச்ச மதத்துல இங்கிலாந்துக்காரங்க எப்படிப் போய்ச் சேர்ந்தாங்க?

1837 ஜூலையில் ஹீபர் கிம்பால் உள்ளிட்ட சில போதகர்கள் லிவர்பூலில் இறங்கி, பஞ்சாலை நகரமான பிரெஸ்டனுக்குப் போனார்கள். அந்த மாதமே ரிபிள் ஆற்றில் முதல் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யார் முதலில் முங்குவது என்று ஆற்றங்கரை வரை ஓட்டப் போட்டி நடந்ததாகவும் அதில் ஜார்ஜ் வாட் என்ற இளைஞர் ஜெயித்ததாகவும் சொல்வார்கள்.

அப்புறம் 1840-இல் வில்ஃபர்ட் வுட்ரஃப், ஹெர்ஃபர்ட்ஷயரில் ஜான் பென்போ என்பவரின் பண்ணைக்குப் போனார். மெதடிஸ்ட் சபையிலிருந்து பிரிந்து தனியாக ஜெபித்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 600 பேர் கொண்ட குழு அங்கே இருந்தது. அதில் கிட்டத்தட்ட எல்லோருமே சேர்ந்துவிட்டார்கள். ஏற்கெனவே தேடலில் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் போதனை சட்டென்று பிடித்தது. நெசவாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், தோட்டக்காரர்கள், வீட்டு வேலைக்காரப் பெண்கள் அதிகம். 1850-களின் தொடக்கத்தில் யூட்டாவில் இருந்ததைவிட பிரிட்டனில்தான் மார்மன்கள் அதிகமாக இருந்தார்கள்.

நம்பிக்கைதானே மாறுச்சு, ஊரை விட்டு ஏன் போகணும்? அங்கேயே இருந்து கும்பிட்டிருக்கலாமே?

அந்தக் காலத்து மார்மன் போதனையில் மதம் மாறுவதும் கப்பல் ஏறுவதும் தனித்தனி காரியங்கள் அல்ல. கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது, அவருடைய மக்கள் ஓரிடத்தில் கூடி சீயோன் என்ற புனித நகரைக் கட்ட வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. ஞானஸ்நானம் வாங்கிய மறுநாளிலிருந்தே ஒரு குடும்பம் பயணத்துக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிடும். 1840 ஜூனில் 41 பேருடன் பிரிட்டானியா என்ற கப்பல் லிவர்பூலிலிருந்து கிளம்பியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டனிலிருந்து மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

உண்மையைச் சொல்லுங்க, பஞ்சம் பிழைக்கத்தானே போனாங்க?

பஞ்சமும் இருந்தது. 1840-களை இங்கிலாந்தில் பசித்த நாற்பதுகள் என்றே சொல்வார்கள். கூலி குறைந்தது, ரொட்டி விலை ஏறியது, ஆலைகள் மூடின. சொந்த நிலம் என்பது ஒரு பண்ணைக் கூலிக்காரருக்குக் கனவில்கூடக் கிடைக்காத ஒன்று.

ஆனால் பிழைப்பு மட்டுமே காரணமென்றால் யூட்டாவுக்குப் போயிருக்க மாட்டார்கள். நியூயார்க்கில் இறங்கியவுடன் வேலை கிடைத்தது. அயோவாவில் நல்ல கருப்பு மண் விலை மலிவாகக் கிடைத்தது. அதையெல்லாம் தாண்டி, மழை குறைந்த ஒரு பாலை மேட்டுக்கு ஆயிரம் மைலுக்கு மேல் நடந்து போனார்கள். வழியிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. கடைசிவரை போனவர்களைப் பசி மட்டும் இழுத்துக்கொண்டு போகவில்லை என்பதே என் கருத்து.

அவ்வளவு ஏழைங்கன்னா டிக்கெட்டுக்குப் பணம்?

1849-இல் சபை ஒரு சுழல் நிதி தொடங்கியது. முதலில் நிதி செலவு செய்து கூட்டி வரும். போய்ச் சேர்ந்தவர் உழைத்துத் திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தில் அடுத்தவர் வருவார். பலரால் திருப்பித் தர முடியவில்லை. 1880-இல், சபையின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, ஏழைகளின் கடனில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள்.

1856-இல் கைவண்டித் திட்டத்தில் லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை ஒருவருக்கு 9 பவுண்டு. அன்றைய இங்கிலாந்துப் பண்ணைக் கூலிக்காரரின் வாரச் சம்பளம் ஒன்பது, பத்து ஷில்லிங் (இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு). ஆக, சாப்பிடாமல் சேர்த்தாலும் ஓர் ஆளுக்கு நாலரை மாதச் சம்பளம். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் பல குடும்பங்கள் பிரிந்து பிரிந்து போயின. மூத்த மகள் முதலில் போவாள், அப்பா இரண்டு வருடம் கழித்து வருவார், அம்மாவும் சின்னவர்களும் கடைசியில்.

கப்பல் பயணம் எப்படி இருந்தது?

பாய்மரக் கப்பலில் நியூயார்க் என்றால் ஐந்தாறு வாரம், நியூ ஆர்லியன்ஸ் என்றால் இரண்டு மாதம் வரை. கீழ்த்தளத்தில் மரப்பலகைப் படுக்கைகள். அரிசி, ஓட்ஸ், கடல் பிஸ்கட், உப்புப் போட்ட பன்றி இறைச்சி என்று அளந்து கொடுப்பார்கள். சமையல் அவரவர் முறை வரும்போது அவரவர் செய்ய வேண்டும்.

மார்மன் கப்பல்களில் ஒழுங்கு அதிகம். பயணிகளைப் பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை வைத்தார்கள். விடியற்காலையில் எழுப்பித் தரை கழுவி, பிறகு ஜெபம். திருமணமாகாத ஆண்கள் ஒரு கோடியில், பெண்கள் மறு கோடியில், நடுவில் குடும்பங்கள். 1863 ஜூனில் லண்டனில் அமேசான் என்ற கப்பலில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஏறியபோது எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் போய்ப் பார்த்தார். குறை கண்டால் எழுதிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு போனவர், அந்தக் கூட்டத்தின் கட்டுப்பாட்டைப் பாராட்டி எழுதினார். அட்லாண்டிக்கில் மார்மன் பயணக் குழு ஏறிய எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆனாலும் கப்பலில் தட்டம்மை வந்தால் முதலில் பலியானது குழந்தைகள்தான். சாக்கில் சுற்றிக் கடலில் இறக்குவார்கள்.

கப்பலை விட்டு இறங்கினதும் பாதி வழி முடிஞ்சுதா?

கஷ்டமான பாதி அதற்குப் பிறகுதான். 1850-களின் முதல் பாதி வரை நியூ ஆர்லியன்ஸில் இறங்கி மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகில் மேலே போனார்கள். காலரா அந்த ஆற்றுப் படகுகளில் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. அதனால் 1855-இலிருந்து நியூயார்க், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா வழியாக வரச் சொன்னார்கள். அங்கிருந்து ரயில் போகும் தூரம் வரை ரயில். பிறகு மாட்டு வண்டி. வண்டியில் ஏறிப் போனார்கள் என்று நினைக்காதீர்கள். வண்டி சாமானுக்கு. மனிதர்கள் பக்கத்தில் நடந்தார்கள். 1861 முதல் 1868 வரை யூட்டாவிலிருந்தே மாட்டு வண்டிகள் வந்து ஆட்களை அழைத்துப் போயின. 1869-இல் ரயில் பாதை முடிந்ததும் எல்லாம் மாறியது. மாதக்கணக்கான பயணம் சில வாரமாகச் சுருங்கியது.

கைவண்டின்னு சொன்னீங்களே, மனுஷங்களே இழுத்தாங்களா?

ஆம். மாடு, வண்டி வாங்கப் பணமில்லாததால் வந்த யோசனை. இரண்டு சக்கர மரவண்டி, ஐந்து பேருக்கு ஒன்று. ஆளுக்கு 17 பவுண்டு, அதாவது ஏழே முக்கால் கிலோ சாமான் மட்டும். மாற்றுடை, படுக்கை எல்லாம் அதற்குள். அயோவா சிட்டியிலிருந்து 1,300 மைல். 1856 முதல் 1860 வரை பத்துக் குழுக்களில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் இப்படிப் போனார்கள். எட்டுக் குழுக்கள் பெரிய சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தன. மற்ற இரண்டின் கதை வேறு.

அந்தக் கதையை ஒரு குடும்பத்தின் வழியாகச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் ஆஸ்டன் ரோவண்ட் என்ற கிராமத்தில் ஜேம்ஸ் லோடர் பெரிய வீடு ஒன்றில் தோட்டக்காரர். மனைவி ஏமி. மகள்களில் ஒருத்தி பேஷன்ஸ், 1827-இல் பிறந்தவள். 1855 டிசம்பரில் கப்பலேறி, நியூயார்க்கில் தங்கி வேலை பார்த்தார்கள். அங்கேதான் கைவண்டித் திட்டம் தெரியவந்தது. உடம்பு முடியாத அம்மாவை வைத்துக்கொண்டு இது எப்படி முடியும் என்று பேஷன்ஸ் கடிதம் எழுதினாள். அவளுடைய அக்காள் தங்கைகளில் ஒருத்தியான ஸில்ஃபாவின் கணவர் ஜான் ஜாக்ஸ், அந்தக் கடிதத்தையும் தன்னுடைய காட்டமான பதிலையும் இங்கிலாந்தில் சபைப் பத்திரிகையில் அச்சிட்டுவிட்டார். விசுவாசத்தில் பின்வாங்கியவன் என்று ஊர் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று ஜேம்ஸ் துடித்தார். வழியில் செத்தாலும் பரவாயில்லை, வண்டி இழுத்தே தீருவேன் என்றார். மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவே மாட்டிய அந்த ரோஷத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் சொன்னபடியே நடந்தது. செப்டம்பர் கடைசியில் நெப்ராஸ்கா சமவெளியில் ஜேம்ஸ் இறந்தார். மனைவியும் மகள்களும் அங்கேயே புதைத்துவிட்டு மறுபடி வண்டியைப் பிடித்தார்கள்.

அவர்கள் இருந்த மார்ட்டின் குழு அயோவா சிட்டியை விட்டதே ஜூலை 28-ஆம் தேதி. மிகவும் தாமதம். அக்டோபர் 17-ஆம் தேதி, இழுக்கத் தெம்பில்லாததால் சுமையை ஆளுக்கு 10 பவுண்டாகக் குறைத்து மிச்சக் கம்பளிகளைத் தீயில் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து, பிளாட் ஆற்றைக் கடைசியாகக் கடந்த அன்று, பனிப்புயல் பிடித்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்த மகள்களை எழுப்ப, ஒரு காலையில் ஏமி பனியில் ஆடிக் காட்டினாராம். பேஷன்ஸ் தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறாள். நவம்பர் 30-ஆம் தேதி அவர்கள் சால்ட் லேக் சேர்ந்தபோது, புறப்பட்ட 570-க்கும் மேற்பட்டோரில் 130 முதல் 150 பேர் வரை உயிரோடில்லை. ஜான் ஜாக்ஸும் தன் மூத்த மகளை அந்தப் பயணத்தில்தான் இழந்தார்.

இதுக்கு யார் பொறுப்பு? வேணும்னே அனுப்பினாங்களா?

வேண்டுமென்று அனுப்பவில்லை. ஆனால் தவிர்த்திருக்கலாம். கப்பல்கள் தாமதமாகக் கிளம்பின. அயோவாவில் வண்டிகள் தயாராக இல்லை. காயாத பச்சை மரத்தில் செய்ததால் வழியில் உடைந்தன. மார்ட்டின் குழுவுக்குச் சற்று முன்னால் போன வில்லி குழுவில், இந்தப் பருவத்தில் மலை ஏறினால் கிழவர்களும் குழந்தைகளும் சாவார்கள் என்று லீவை ஸாவேஜ் என்பவர் வெளிப்படையாக எச்சரித்தார். கேட்கவில்லை. போவதென்று முடிவான பிறகு அவரும் கூடவே வந்தார். அந்தக் குழுவிலும் எழுபது பேர் அளவில் இறந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 4-ஆம் தேதிதான் பின்னால் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று பிரிகாம் யங்குக்குத் தெரிந்தது. மறுநாள் சபை மாநாட்டில் வேறு பேச்சுக்கே இடம் கொடுக்காமல், மாவும் கோவேறு கழுதைகளும் வண்டிகளும் கேட்டார். 7-ஆம் தேதி முதல் வண்டிகள் கிளம்பிவிட்டன. அந்த வண்டிகள் வந்திராவிட்டால் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள். இரண்டும் உண்மைதான்.

போய்ச் சேர்ந்ததும் வீடு, சாப்பாடு எல்லாம் எப்படி?

முதல் குளிர்காலத்தை வேறொருவர் வீட்டில்தான் கழிக்க வேண்டும். பிறகு மலைச்சரிவில் தோண்டிய குழி வீடு, அல்லது சுடாத மண்கல்லால் ஓர் அறை. மண் கூரை. மழை பெய்தால் வெளியே நின்ற பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். ஆனால் இங்கிலாந்தில் எக்காலத்திலும் கிடைக்காதது ஒன்று கிடைத்தது: வீட்டைச் சுற்றி ஒன்றேகால் ஏக்கர் மனை.

இவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி தண்ணீர். மழை தானாகப் பெய்து புல் தானாக வளரும் நாட்டிலிருந்து வந்தவர்கள், மலையோடையிலிருந்து வாய்க்கால் வெட்டி முறை வைத்துப் பாய்ச்சப் பழக வேண்டியிருந்தது. முறை நள்ளிரவில் வந்தால் மண்வெட்டியும் விளக்குமாக அப்போதே எழுந்து போக வேண்டும். முறைப்பாய்ச்சல் நம் காவிரிக்காரர்களுக்குப் புதிதில்லை. லங்காஷயர் நெசவாளிக்கு அது புது உலகம். 1848-இல் பூச்சிக் கூட்டம் பயிரைத் தின்றது. 1855-இல் வெட்டுக்கிளி. அந்த வருடங்களில் சீகோ லில்லி என்ற காட்டுச் செடியின் கிழங்கைத் தோண்டித் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

காசுப் புழக்கம் குறைவு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குத் தரும் தசமபாகத்தைக்கூட முட்டை, வெண்ணெய், வைக்கோல், ஒருநாள் உழைப்பு என்றுதான் கொடுத்தார்கள். கம்பளி நூற்று, துணி நெய்து, சாம்பல் காரத்தில் சோப்புக் காய்ச்சி, மெழுகுவத்தி வார்த்து என்று அத்தனையும் வீட்டுப் பெண்களின் தலையில். லண்டனில் கடையில் போய் வாங்கிப் பழகியவர்கள் இதையெல்லாம் முப்பது வயதுக்கு மேல் பக்கத்து வீட்டில் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

மார்மன்கள் டீ குடிக்கக் கூடாதாமே! இங்கிலாந்துக்காரங்க எப்படி விட்டாங்க?

பலர் விடவில்லை. 1833-இலிருந்தே அந்த அறிவுரை இருந்தது. ஆனால் கண்டிப்பான விதியாக ஆனது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

பலதார மணம் இருக்குன்னு தெரிஞ்சேதான் போனாங்களா?

எந்த வருடம் போனார்கள் என்பதைப் பொறுத்தது. 1852 ஆகஸ்டில்தான் சால்ட் லேக்கில் அதைப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அதற்கு முன் தலைவர்கள் இரகசியமாகக் கடைப்பிடித்தார்கள். இங்கிலாந்தில் இருந்த போதகர்கள் அது வதந்தி என்று மறுத்துக்கொண்டிருந்தார்கள். 1853 ஜனவரியில் இங்கிலாந்துச் சபைப் பத்திரிகை செய்தியை வெளியிட்டதும் ஏராளமானோர் விலகினார்கள். ஏமாற்றப்பட்டோம் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் உண்டு. அதற்குப் பிறகு போனவர்களுக்குத் தெரியும்.

அப்போ ஒவ்வொரு வீட்டிலும் நாலஞ்சு மனைவியா?

இல்லை. ஊருக்கு ஊர் மாறுபட்டாலும், உச்சத்தில் இருந்தபோதுகூட பெரும்பான்மைக் குடும்பங்கள் ஒருவருக்கு ஒருத்தி என்றுதான் இருந்தன. பலதார வீடுகளிலும் இரண்டு மனைவிகள் என்பதே வழக்கம். தனித்தனி வீட்டில், சிலசமயம் தனித்தனி ஊரில் இருப்பார்கள். அதன் நடைமுறை அர்த்தம், ஒரு பெண் பல மாதம் கணவன் துணையில்லாமல் பண்ணையையும் பிள்ளைகளையும் தானே பார்த்துக்கொள்வாள் என்பதுதான். சக்களத்தியோடு சகோதரி போல வாழ்ந்ததாக எழுதியவர்களும் இருக்கிறார்கள், தாங்க முடியாத வேதனையை எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

இது சட்டத்தின் முன் வந்தபோது சோதனை வழக்கில் நின்றவர் லண்டனில் பிறந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ். 1879-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மத நம்பிக்கை என்பதற்காக எந்தச் செயலையும் அனுமதிக்க முடியாது என்று சொல்ல, கணவனின் சிதையில் மனைவி ஏறுவதை நீதிமன்றம் ஓர் உதாரணமாகக் காட்டியது. 1890-இல் சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது.

அப்போ பெண்கள் அடிமைகளாத்தானே இருந்திருப்பாங்க?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1870-இலேயே யூட்டாப் பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. 1887-இல் அதைப் பறித்தது, பலதார மணத்தை ஒடுக்க வந்த மத்திய அரசின் சட்டம். 1896-இல் திரும்பக் கிடைத்தது.

மார்த்தா ஹியூஸ் கானன் என்பவரைப் பாருங்கள். வேல்ஸில் 1857-இல் பிறந்து, சின்னக் குழந்தையாகப் பெற்றோரோடு வந்தவர். சமவெளியில் தங்கை இறந்தாள். சால்ட் லேக் சேர்ந்த மூன்றாம் நாள் அப்பா இறந்தார். அந்தப் பெண் படித்து மருத்துவரானார். ஒருவருக்குப் பலதார மனைவியுமானார். கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேராதிருக்க, கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். 1896-இல் அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டராகத் தேர்வானார். அந்தத் தேர்தலில் தோற்ற வேட்பாளர்களில் அவருடைய கணவரும் ஒருவர். இந்த வாழ்க்கையை அடிமை என்ற ஒரு சொல்லில் எப்படி அடைப்பது?

வெறும் காட்டுலதான் குடியேறினாங்களா? அந்த நிலம் யாருடையது?

யூட், ஷோஷோனி, பையூட், கோஷூட் மக்களுடையது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி. பயணிகள் உழைத்து வெட்டியதாகப் பெருமைப்பட்ட வாய்க்கால்கள் அவர்களுடைய மீன்பிடி ஓடைகளிலிருந்து வந்தவை. மாடுகள் தின்ற புல்லின் விதைதான் அவர்களுடைய உணவு. பசி வந்தது, கால்நடைத் திருட்டு வந்தது, சண்டை வந்தது. 1863 ஜனவரியில் பேர் ஆற்றங்கரையில் அமெரிக்க இராணுவம் நூற்றுக்கணக்கான ஷோஷோனிகளைக் கொன்றது. 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் கலிஃபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஏறக்குறைய 120 பேரைக் கொன்றவர்களோ உள்ளூர் மார்மன் படையினர். பையூட்கள் சிலரையும் அதில் சேர்த்துக்கொண்டு, பிறகு பழியை அவர்கள் மேலேயே போட்டார்கள்.

நம்ம ஊர்ப் பக்கம் வந்தாங்களா?

வந்தார்கள். ஸ்காட்லாந்தில் பிறந்து மதம் மாறிய ரிச்சர்ட் பாலன்டைன் 1853-இல் இரண்டு தோழர்களோடு சென்னையில் இறங்கினார். துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டுப் பார்த்தார். சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 1854-இல் கிளம்பி இங்கிலாந்து வழியாகப் போனவர், மறு வருடம் ஒரு புலம்பெயர் குழுவுக்கே தலைவராக யூட்டா திரும்பினார்.

யாரும் வருத்தப்படலையா? திரும்பிப் போகலையா?

போனார்கள். ஜீன் ரியோ பேக்கர் என்ற லண்டன் விதவை, வசதியுள்ளவர், 1851-இல் பிள்ளைகளோடும் தன் பியானோவோடும் கிளம்பினார். நான்கு வயது மகன் ஜோசையாவைக் கடல் பயணத்தில் பறிகொடுத்தார். பியானோ சால்ட் லேக் வரை போய்ச் சேர்ந்தது. ஆக்டன் அருகே வாங்கிய நிலம் உவர் மண், விளையவில்லை. 1869-இல் மனம் வெறுத்து, கலிஃபோர்னியாவில் குடியேறியிருந்த பிள்ளைகளிடம் போய்விட்டார். அவருடைய நாட்குறிப்பு கப்பல் பகுதியில் எவ்வளவு உற்சாகமோ, கடைசிப் பக்கம் அவ்வளவு கசப்பு.

பேஷன்ஸ் என்ன ஆனாங்க?

கைவண்டிப் பகுதியில் சொன்ன அதே பேஷன்ஸ். 1858-இல் மார்மன்களை அடக்க அமெரிக்க அரசு அனுப்பிய படையிலிருந்த ஜான் ரோஸா என்ற ஹங்கேரியச் சிப்பாயை மணந்தார். உள்நாட்டுப் போர் வந்ததும் கணவரின் படையோடு கிழக்கே போய்ச் சிப்பாய்களுக்குத் துணி வெளுத்தார். 1866-இல் யூட்டா திரும்பும் வழியில், அப்பாவைப் புதைத்த அதே நெப்ராஸ்காவில், கணவரும் இறந்தார். பிள்ளைகளோடு மீதித் தூரத்தைக் கடந்து வந்து, அமெரிக்கன் ஃபோர்க் பள்ளத்தாக்கில் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சமையல் செய்து அவர்களை வளர்த்தார். பின்னர் ஜான் ஆர்ச்சர் என்பவரை மணந்து பிளசன்ட் குரோவ் ஊரில் வாழ்ந்தார். பனியில் அம்மா ஆடியதை நாம் அறிந்தது வயதான காலத்தில் அவர் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளால்தான்.